நெட் இல்லாத இடத்திலும் வழி கண்டுபிடிக்க: ஆஃப்லைன் மேப், ஜி.பி.எஸ். முழு வழிகாட்டி

டவர் கிடைக்காத மலைப்பாதையில் மேப்பைத் திறந்தால், வெறும் சாம்பல் நிறப் பரப்பும் அதன் நடுவே ஒரு நீலப் புள்ளியும் மட்டும் தெரியும். பார்த்தவுடன் ‘ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை’ என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜி.பி.எஸ். ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடம் அந்தப் புள்ளிக்குத் தெரியும். காணாமல் போனது, புள்ளிக்கு அடியில் இருக்க வேண்டிய வரைபடம்.

இருப்பிடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அதற்கு டேட்டா வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். வரைபடம் இன்டர்நெட்டிலிருந்து வருகிறது. அதை முன்கூட்டியே போனில் இறக்கி வைப்பது நம் வேலை. இந்த இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டால், வழியில் கோளாறு வரும்போது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிவினையை வைத்தே போகிறது.

நீலப் புள்ளி எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. இப்போதைய போன்கள் அவற்றோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. சில போன்களில் இந்தியாவின் நாவிக், ஜப்பானின் க்யூ.இசட்.எஸ்.எஸ். ஆகியவையும் உண்டு. போன் இவை எதற்கும் பதில் அனுப்புவதில்லை. ரேடியோப் பெட்டியைப் போலக் கேட்க மட்டுமே செய்கிறது.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கில் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். போனுக்குள் இருக்கும் சிறிய கடிகாரம் அந்த அளவுக்குத் துல்லியமானதல்ல. அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன: இருப்பிடத்தின் மூன்று அளவுகளுக்கு மூன்று, கடிகாரத்தின் பிழையைத் தீர்க்க இன்னொன்று.

செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை அனுப்பும் வேகம் வினாடிக்கு வெறும் 50 பிட். ஒரு முழுத் தொகுப்பு வந்துசேர 30 வினாடி ஆகும். நெட் இருக்கும்போது போன் இந்த விவரத்தைச் சர்வரிலிருந்து நொடியில் வாங்கிக்கொள்கிறது, இதற்குத்தான் ஏ-ஜி.பி.எஸ். என்று பெயர். நெட் இல்லாவிட்டால் வானத்திலிருந்து மெல்ல மெல்லக் கேட்டே வாங்க வேண்டும். வீட்டு வாசலில் இரண்டு நொடியில் பிடித்த அதே போன், காட்டுக்குள் இரண்டு மூன்று நிமிடம் எடுப்பதற்குக் காரணம் இதுதான். போன் பழுதாகவில்லை.

கிளம்புவதற்கு முன் செட்டிங்ஸில் பார்க்க வேண்டியவை

முதலில் லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மேப் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும் ‘துல்லியமான இருப்பிடம்’ என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அது அணைந்திருந்தால் செயலிக்குத் தோராயமான இடம் மட்டுமே போகும். ஆண்ட்ராய்டில் அது ஏறக்குறைய 3 சதுர கி.மீ. பரப்பு. புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் விழுந்து, எவ்வளவு நேரம் நின்றாலும் சுருங்காமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பொத்தானைத்தான்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, பெர்மிஷன்ஸ், லொகேஷன் என்று போனால் கிடைக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ், அந்தச் செயலி.

போகும் வழியைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் ஆண்ட்ராய்டில் இன்னொரு வேலையும் உண்டு. அதே ஆப்ஸ் பக்கத்தில் பேட்டரி என்பதற்குள் சென்று ‘அன்ரிஸ்ட்ரிக்டெட்’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்து சிறிது நேரத்தில் போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். பிறகு பார்த்தால் வளைந்து வளைந்து போன பாதை வரைபடத்தில் ஒரே நேர்கோடாகக் கிடக்கும். பேட்டரி சேவரும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சிப்பே கிடையாது. வேறு டேப்லெட் என்றாலும் அதன் விவரக் குறிப்பைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கூகுள் மேப்ஸில் இறக்குவது

1. வைஃபையில் இருக்கும்போது செயலியைத் திறந்து, உங்கள் கணக்கில் உள்நுழைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். மறைநிலையில், அதாவது இன்காக்னிட்டோவில் இருந்தால் ஆஃப்லைன் மேப் வேலை செய்யாது.
2. மேல் வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. ‘செலக்ட் யுவர் ஓன் மேப்’ என்பதைத் தொட்டால் ஒரு கட்டம் வரும். விரல்களால் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வேண்டிய பகுதியைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது கீழேயே தெரியும்.
4. டவுன்லோட் கொடுத்து, முழுவதும் முடியும்வரை காத்திருங்கள். பிறகு பட்டியலில் மூன்று புள்ளியைத் தொட்டு அடையாளம் தெரியும் பெயராக மாற்றிவிடுங்கள்.

கட்டத்தை இழுக்கும்போது போகும் ஊரை மட்டும் வளைத்துவிட்டு வழியை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிளம்பும் இடம், சேரும் இடம், இடைப்பட்ட சாலை மூன்றும் கட்டத்துக்குள் விழ வேண்டும். பாதை முழுவதும் உள்ளே இருந்தால்தான் ஆஃப்லைனில் வழி சொல்லும். சாலை அடைபட்டுச் சுற்றுவழியில் போக நேரிடலாம் என்பதால் இருபுறமும் தாராளமாக விட்டு இழுங்கள்.

கூகுள் ஆஃப்லைனில் தருவது வண்டி ஓட்டுபவருக்கான வழி மட்டுமே. நடைவழி, சைக்கிள் வழி, பஸ் ரயில் வழி எதுவும் வராது. போக்குவரத்து நெரிசலும் மாற்று வழிகளும் காட்டாது. செயற்கைக்கோள் படமும் இறங்குவதில்லை. சாலை வரைபடம் மட்டும்தான். இறக்கிய மேப்புக்குக் காலாவதித் தேதி உண்டு. பட்டியலில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை அப்டேட் கொடுத்துவிடுங்கள். சில நாடுகளில், சில பகுதிகளில் இறக்கவே அனுமதி இருக்காது. அந்த இடங்களுக்கு அடுத்து வரும் செயலிகள்தான் கைகொடுக்கும்.

ஐபோனில் உள்ள ஆப்பிள் மேப்ஸில் 2023-இல் வந்த ஐ.ஓ.எஸ். 17 முதல் இந்த வசதி இருக்கிறது. முறை ஏறக்குறைய இதேதான்: உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ், டவுன்லோட் நியூ மேப், இடத்தைத் தேடிக் கட்டத்தைச் சரிசெய்து டவுன்லோட். இதில் நடைவழியும் ஆஃப்லைனில் வரும்.

நடந்து போகிறவர்களுக்கு: ஓபன்ஸ்ட்ரீட்மேப் செயலிகள்

2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரையும் வரைபடம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் இரண்டும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஒற்றையடிப் பாதை, படிக்கட்டு, ஊற்று, ஓடையைக் கடக்கும் சிறு பாலம் என்று காலால் நடப்பவருக்கு வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் இவற்றில்தான் அதிகம். நடைவழி, சைக்கிள் வழி எல்லாம் போனுக்குள்ளேயே கணக்கிடப்படும், நெட் கேட்காது.

ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது. நிறுவியதும் வேண்டிய பகுதிக்குப் பெரிதாக்கிப் போனால், ‘இதை இறக்கவா’ என்று அதுவே கேட்கும். நாடு அல்லது மாநிலம் வாரியாகக் கோப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லையை ஒட்டிய பயணம் என்றால் அந்தப் பக்கத்துக் கோப்பையும் இறக்குங்கள். இல்லாவிட்டால் பாதை எல்லைக்கோட்டில் நின்றுவிடும். ஆஸ்ம்அண்ட் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை கேட்கும். ஆனால் தடப்பதிவு, உயரக் கோடுகள், திரையில் என்னென்ன எண் தெரிய வேண்டும் என்ற அமைப்பு எல்லாம் அதில் விரிவாக உண்டு. இலவசப் பதிப்பில் இறக்கக்கூடிய வரைபடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், வேண்டியதை யோசித்து இறக்குங்கள்.

இவற்றின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். கதவு எண், கடைப் பெயர், திறக்கும் நேரம் போன்றவை இடத்துக்கு இடம் கூடும் குறையும். வரைந்தவர் நடந்த காலத்தில் இருந்த பாதை இப்போது புதர் மூடிக் கிடக்கலாம். எனவே சாலைக்கு ஒன்று, நடைக்கு ஒன்று என இரண்டு செயலிகளை வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஒன்று காட்டாததை மற்றது காட்டும். இரண்டும் முரண்பட்டால் அங்கே நின்று யோசிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எந்தச் செயலியாக இருந்தாலும், முக்கியமான இடங்களை நெட் இருக்கும்போதே தேடி, பின் குத்திச் சேமித்துவிடுங்கள்: தங்குமிடம், பெட்ரோல் பங்க், மருத்துவமனை, வண்டியை நிறுத்தும் இடம். ஆஃப்லைன் தேடல், சில செயலிகளில், வரைபடத்தில் எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டலையே எதிர்பார்க்கும். எழுத்து மாறினால் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடலாம்.

வரைபடத்தை மெமரி கார்டில் வைப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கார்டு ஒரு குலுங்கலில் தொடர்பறுந்தால் மேப் மொத்தமும் மறைந்துவிடும். இடம் போதவில்லை என்று செயலியின் ‘கிளியர் ஸ்டோரேஜ்’ பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். இறக்கியது அத்தனையும் அழிந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு ஒத்திகை

இதைச் செய்யாமல் கிளம்பாதீர்கள். ஃப்ளைட் மோடை ஆன் செய்யுங்கள். வைஃபை தனியாக ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். செயலியை முழுவதுமாக மூடிவிட்டு மீண்டும் திறங்கள். பழைய நினைவில் இருக்கும் படம் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. இப்போது போக வேண்டிய ஊருக்கு வரைபடத்தை நகர்த்தி, தெருப் பெயர்கள் தெரியும்வரை பெரிதாக்குங்கள். சேமித்த இடம் ஒன்றைத் தேடுங்கள். அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு வழி கேளுங்கள். குரல் வழிகாட்டல் வேண்டுமென்றால் அது பேசுகிறதா என்றும் பாருங்கள். சில செயலிகளில் குரலைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். கடைசியாக மொட்டை மாடிக்கோ திறந்த வெளிக்கோ போய், ஃப்ளைட் மோடிலேயே நீலப் புள்ளி வருகிறதா என்று பாருங்கள்.

முதல் முறை இடம் பிடிக்கும்போது

போனை அணைத்து வைத்துப் பல நூறு கி.மீ. தாண்டி இறங்கியிருக்கிறீர்கள், நெட்டும் இல்லை என்றால், போனுக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்பது தெரியாது. அப்போது அவசரப்பட்டு நடந்துகொண்டே திரையைத் தட்டாதீர்கள். திறந்த வானத்துக்குக் கீழே நின்று, திரை மேல்நோக்கி இருக்கும்படி போனைப் பிடியுங்கள். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். 30 வினாடித் தொகுப்பின் நடுவில் ஒரு மரமோ சுவரோ மறைத்தால், விட்டுப்போன துண்டு அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் நேரம் இழுப்பது இதனால்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினால், ஆண்ட்ராய்டில் ஜி.பி.எஸ். டெஸ்ட் என்ற திறந்த மூலச் செயலி இருக்கிறது. அதைத் திறந்தால் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும், பக்கத்தில் சிக்னல் அளவு டெசிபலில் இருக்கும். 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நன்றாகக் கேட்கிறது. 20-களிலேயே தடுமாறினால் மேலே ஏதோ மறைக்கிறது. நான்கைந்து எண்கள் 30-ஐத் தாண்டி நிலைத்து நின்ற சற்று நேரத்தில், அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டங்கள் நிரம்புவதைப் பார்க்கலாம். ஜன்னலோரம் ஒருமுறை, வெளியே ஒருமுறை வைத்துப் பார்த்தால் கூரை எவ்வளவு விழுங்குகிறது என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும்.

புள்ளியை எந்த அளவுக்கு நம்பலாம்

திறந்த வானத்தில் போன் சாதாரணமாக 5 மீட்டர் வட்டத்துக்குள் இடம் காட்டும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் கேட்கும் போன்கள் உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் நன்றாகச் சமாளிக்கும். இவ்வகைப் போன்கள் 2018 முதல் வரத் தொடங்கின. புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டம் அலங்காரத்துக்கு இல்லை. ஆண்ட்ராய்டு அந்த வட்டத்தை 68 சதவீத வாய்ப்புக்கு வரைகிறது. அதாவது மூன்றில் ஒரு தடவை நீங்கள் வட்டத்துக்கு வெளியேகூட இருக்கலாம். பள்ளத்தின் விளிம்பிலோ ஆற்றங்கரையிலோ இதை மறக்காதீர்கள். அங்கே கண்ணுக்குத் தெரியும் தரைதான் முதல் சாட்சி.

புள்ளி தாவுவதற்குப் பெரும்பாலும் எதிரொலிப்புதான் காரணம். கட்டடத்திலோ பாறைச் சுவரிலோ பட்டுத் திரும்பிய சிக்னல், நேராக வந்ததைவிட நீண்ட தூரம் பயணித்திருக்கும். போன் அதையும் நிஜத் தூரமாக எடுத்துக்கொள்கிறது. சுவரை விட்டு நான்கைந்து அடி தள்ளி நின்றாலே சில சமயம் சரியாகிவிடும். வண்டி ஓட்டும்போது இன்னொரு சிக்கல் உண்டு: வழிகாட்டும் செயலி புள்ளியைப் பக்கத்தில் உள்ள சாலையோடு ஒட்டிவிடும். மேம்பாலமும் கீழ்ச்சாலையும் அடுத்தடுத்து இருந்தால் தவறான சாலையில் ஒட்டிவிட வாய்ப்பிருக்கிறது.

புள்ளி நீலமாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால், அது பழைய இடம். கட்டடத்துக்குள்ளும் சுரங்கப் பாதையிலும் இப்படி ஆகும். நெட் இருந்தால் சுற்றியுள்ள வைஃபை, டவர்களை வைத்து உள்ளேயும் இடம் ஊகிக்கும். நெட் இல்லாவிட்டால் அந்தத் துணை பெரும்பாலும் கிடைக்காது.

புள்ளி சரியாக இருந்தும் திசைக் கூம்பு எங்கோ காட்டினால், அது ஜி.பி.எஸ். சம்பந்தப்பட்டதே இல்லை. நின்ற இடத்தில் திசை காட்டுவது போனுக்குள் இருக்கும் காந்தமானி. காந்தம் வைத்த கவரைக் கழற்றுங்கள், வண்டியின் இரும்பை விட்டு விலகுங்கள், போனைக் காற்றில் 8 போட்டதுபோல் சில தடவை சுழற்றுங்கள். அப்படியும் குழம்பினால் நேராக இருபது அடி நடந்து பாருங்கள். புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுவே நீங்கள் போகும் திசை.

கடல் மட்டத்தில் நின்றும் உயரம் பல பத்து மீட்டர் தவறாகக் காட்டினால் பதறாதீர்கள். சில செயலிகள் கடல் மட்டத்திலிருந்து அளக்காமல், பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த எண்ணைக் காட்டுகின்றன. இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியில் இரண்டுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேலேயே வித்தியாசம் உண்டு.

பேட்டரி

மேப் பயன்பாட்டில் அதிகம் குடிப்பது திரைதான். டவர் இல்லாத இடத்தில் அடுத்த பெரிய செலவு, போன் ஓயாமல் டவரைத் தேடுவது. எனவே ஃப்ளைட் மோடில் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, திருப்பங்களில் மட்டும் திரையை எழுப்பிப் பாருங்கள். ஃப்ளைட் மோடில் யாரும் உங்களை அழைக்க முடியாது என்பதால், எப்போது அதை அணைத்துப் பார்ப்பீர்கள் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். போனை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். பவர் பேங்க்கோடு கேபிளையும் சோதித்து எடுத்துச் செல்லுங்கள். வழியில் பழுதாவது பெரும்பாலும் அந்தக் கேபிள்தான்.

எண்களாக இடத்தைச் சொல்வது

நெட் இல்லாதபோது லைவ் லொகேஷன் அனுப்ப முடியாது. ஆனால் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் எஸ்.எம்.எஸ். போக வாய்ப்புண்டு. வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பின் விழும். அங்கே இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் போதும்: ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1 மீட்டர், நான்காவது 11 மீட்டர், மூன்றாவது 111 மீட்டர்.

இதில் விபரீதமாக முடியும் தவறு ஒன்று உண்டு. ஒரே இடத்தை டிகிரி, நிமிடம் என்றும் எழுதலாம், தசமத்திலும் எழுதலாம். 12 டிகிரி 30 நிமிடம் என்றால் தசமத்தில் 12.5; ஏனென்றால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். கேட்பவர் அதை 12.30 என்று தட்டிவிட்டால் 0.2 டிகிரி குறைந்துவிடும். அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ. என்பதால், தேடி வருகிறவர் 22 கி.மீ. தள்ளிப் போய் நிற்பார். இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதினால் வேறு நாட்டிலோ கடலிலோ போய் விழும். ஆகவே தசமத்தில் மட்டுமே அனுப்புவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல நேர்ந்தால் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்: ‘12.34567, 65.43210. மணி 4.20. வட்டம் 10 மீட்டர். பேட்டரி 35. இங்கேயே இருக்கிறேன்.’ நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் பலவீனமான சிக்னலில் எஸ்.எம்.எஸ். மணிக்கணக்கில் தாமதமாகவும் போய்ச் சேரும். அனுப்பிய பிறகு இடம் மாற நேர்ந்தால், புது இடத்தில் வட்டம் சுருங்கும்வரை நின்று, புதிய எண்களையும் நேரத்தையும் மீண்டும் அனுப்புங்கள்.